கோழிக்கூட்டுக்கு இரண்டு வேலை



அண்மையில் நமது தொலைக்காட்சி உரையரங்கில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசினோம். கத்தரி, வெண்டை, கீரை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்வையாளர் வரிசையிலிருந்த ஓர் அம்மா எழுந்து, "கீரை போட எங்களுக்குத் தெரியும்மா. கோழிய எப்படிக் காப்பாத்துறதுன்னு சொல்லுங்க" என்றார். அரங்கமே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அவருடைய ஏழு கோழிகளை நாய்கள் கடித்துப் போட்டிருக்கின்றன.

நானும் சிரிக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அன்று நேரம் போதாமல் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கோழி வளர்ப்பு நமக்குப் புதிதல்ல. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களைக் கேளுங்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டகை, ஒரு கீரைப் பாத்தி, நாலு கோழி இல்லாத வீடு உண்டா? தோட்டம் துண்டாடப்பட்டு, தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தபோது மாடு போயிற்று, பாத்தி போயிற்று, கோழியும் போயிற்று. இப்போது மறுபடியும் அந்த ஆசை திரும்பியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்து முட்டை இறக்குமதி செய்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2025 ஆகஸ்டு முதல் தேதியோடு முட்டைக்கான அரசாங்க உதவித் தொகையும் நின்றுவிட்டது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் இருப்பவர்கள், "ஆறு கோழி வளர்த்தால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

வளர்க்கலாம். ஆனால் கோழி வாங்குமுன் கூடு தயாராக இருக்க வேண்டும்.

நான் வாங்கி வந்த வலை

என் அம்மா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ஒரு சிறிய தரைவீட்டில் இருக்கிறார். பின்னால் செம்பனைத் தோட்டம். சில ஆண்டுகளுக்கு முன் ஆறு கோழிகள் வாங்கினார். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு தட்டு முட்டை, அதாவது முப்பது முட்டை கிடைத்தது. வீட்டுக்குப் போக மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்பார். பெரிய காசு இல்லைதான். ஆனால் பிள்ளைகளிடம் கேட்காமல் அவர் கையில் புழங்கிய காசு அது ஒன்றுதான். பேரனின் பிறந்தநாளுக்கு அந்தக் காசில்தான் சட்டை வாங்கிக் கொடுத்தார்.

கூட்டுக்கு வலை வாங்கி வந்தது நான். இரும்புக்கடையில் "கோழி வலை" என்று கேட்டேன். மெல்லிய கம்பியில் அறுகோணக் கண் வைத்த வலையைச் சுருட்டிக் கொடுத்தார்கள். பலகைச் சட்டத்தில் அதைச் சிறு ஆணிகளால் அடித்தோம். மேலே பழைய தகரம். தகரத்துக்கும் வலைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது. காற்று வரட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் விடியற்காலை அம்மா தொலைபேசியில் அழைத்தார். கூட்டுக்குள் மலைப்பாம்பு. ஒரு கோழி அதன் வயிற்றில். ஒன்று நசுங்கிக் கிடந்தது. மற்ற நான்கும் பயந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கியதில், அடியிலிருந்தது மூச்சு முட்டிச் செத்துவிட்டது. வயிறு பருத்துப்போன பாம்பு வந்த வழியே திரும்ப முடியாமல் உள்ளேயே கிடந்தது. தீயணைப்புப் படையினர் வந்து பிடித்துச் சென்றார்கள். மிஞ்சிய மூன்று கோழிகளும் மூன்று வாரம் முட்டையே இடவில்லை.

அன்று மாலை அம்மா சொன்னது இதுதான்: "கோழி வெளிய போகக்கூடாதுன்னு கட்டினோம். மத்தது உள்ள வரக்கூடாதுன்னு கட்டலையே."

கோழிக்கூட்டுக்கு இரண்டு வேலை. கோழியை உள்ளே வைப்பது ஒன்று. மற்றதை வெளியே வைப்பது இன்னொன்று. முதல் வேலை சுலபம். கால் முழ உயரக் கூடையும் அதைச் செய்துவிடும். நம்மில் பலர் அதோடு நிறுத்திவிடுகிறோம்.

வருகிறவர்கள் யார்?

செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழ்கிறவர்கள் ஒரு சங்கிலியைப் புரிந்துகொள்ள வேண்டும். உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வருகிறது. எலியைத் தின்னப் பாம்பு வருகிறது. அதனால்தான் பல தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகை வளர்த்து எலியை அடக்குகிறார்கள். நம் கூட்டில் சிந்திக் கிடக்கும் தீவனமும் உதிர்ந்த பழம் மாதிரிதான். முதலில் எலி, அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு பாம்பு. தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வைத்து, மாலையில் தீனித் தட்டை எடுத்துவிட்டாலே பாதி ஆபத்து குறையும். எலிக்கு விஷம் மட்டும் வைக்காதீர்கள். செத்த எலியைக் கோழி கொத்தும், கூகையும் தின்னும்.

அடுத்தது மரநாய். மூசாங் என்றால் எல்லாருக்கும் புரியும். அது இரவில் வரும், மரம் ஏறும், கூரையிலிருந்து இறங்கும், தளர்ந்த வலையைப் பல்லால் பிய்க்கும். உடும்பு பகலில் வரும். வாய்க்கால் ஓரம்தான் அதன் பாதை. முட்டை என்றால் அதற்கு உயிர். தெருநாய்கள் கூட்டமாக வந்து மண்ணைத் தோண்டும், பலவீனமான வலையை முட்டிக் கிழிக்கும். நீண்ட வால் குரங்குக்குக் கை இருக்கிறது, கொக்கியைத் திறக்கத் தெரியும். குஞ்சுகள் இருந்தால் வானத்திலிருந்து பருந்தும் வரும்.

இவற்றில் மலைப்பாம்பு, உடும்பு, மரநாய் ஆகியவை 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. அடித்துக் கொல்லவோ பொறி வைத்துப் பிடிக்கவோ கிளம்பாதீர்கள். பாம்பு கூட்டுக்குள் இருந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி 999-க்கு அழையுங்கள். தீயணைப்பு மீட்புப் படையோ பொதுத் தற்காப்புப் படையோ வருவார்கள். அவற்றின்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வழி விட்டது நாம்.

எங்கே கட்டுவது?

பலகை வாங்குமுன் அனுமதி கேளுங்கள். தாமான் வீடு என்றால் நகராண்மைக் கழகத்தில் கேட்க வேண்டும். தோட்டத்து வீடு என்றால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும்; குஞ்சு பொரிக்க மட்டுமே சேவல் தேவை. விடியற்காலை நாலு மணிக் கூவல் இல்லையென்றால் அக்கம்பக்கச் சண்டையில் பாதி இல்லை.

கோல சிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கம் நிலம் தட்டையானது, தாழ்வானது, வாய்க்கால் வெட்டி வடிய வைத்த மண். ஒரு கனமழைக்கே முற்றத்தில் தண்ணீர் தேங்கும். ஆகவே வீட்டு மனையில் மேடான இடமாகப் பாருங்கள். வாய்க்கால் கரையை ஒட்டிக் கட்ட வேண்டாம். மரநிழல் நல்லது, ஆனால் கூரைமேல் தொங்கும் கிளையை வெட்டிவிடுங்கள். அது மூசாங்குக்கு நாம் போட்ட பாலம்.

கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும், உள்ளே சூடு ஏறாது. பெரிய பண்ணைக் கொட்டகைகளையும் இப்படித்தான் அமைக்கிறார்கள்.

இரவு வீடு

கூட்டை இரண்டு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரவில் அடையும் வீடு. மற்றது பகலில் உலாவும் கம்பி அடைப்பு.

இரவு வீடு ஒரு கோழிக்கு 4 சதுர அடி வேண்டும். ஆறு கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் சரியாக இருக்கும். தரையிலிருந்து 3 அடி உயரத்தில் கால்களின்மேல் நிற்கட்டும். ஈரம் ஏறாது, வெள்ளம் வந்தாலும் கோழி நனையாது, அடியில் கூட்டிப் பெருக்க இடமிருக்கும். காலைச் சுற்றிக் கூம்பு வடிவில் தகரம் கட்டினால் எலி ஏறாது.

இப்போது வலை. கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட சதுரக் கண் வலை வாங்குங்கள். கண் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். விலை கூடத்தான். நான் வாங்கிய மலிவு வலை மூன்று கோழிகளின் விலையையும் சேர்த்துத்தான் வந்தது. அறுகோண வலையை எங்கேயாவது கீரைப் பாத்திக்குப் போடுங்கள்.

வலையைச் சிறு ஆணியால் அடித்தால் நாய் முட்டிய முட்டலில் கழன்றுவிடும். வலையின் ஓரத்தைச் சட்டத்தில் வைத்து, அதன்மேல் ஒரு மெல்லிய பலகைப் பட்டை வைத்து, திருகாணியால் முடுக்குங்கள்.

கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று போக இடம் கட்டாயம் வேண்டும். எச்சத்திலிருந்து எழும் நெடி வெளியேறாவிட்டால் கோழிக்குக் கண்ணும் மூச்சும் கெடும். அந்த இடைவெளியை மூடாதீர்கள், வலையால் அடையுங்கள். எங்கள் வீட்டில் விட்ட பிழை அதுதான். கட்டி முடித்ததும் கையில் ஒரு குச்சியோடு சுற்றி வாருங்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டை எங்கே இருந்தாலும் அடைத்துவிடுங்கள்.

உட்காரும் கட்டை அடுத்தது. கோழி இயல்பாகவே உயரத்தில் அடையும். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். ஏறக்குறைய 2 அங்குல அகலக் கட்டை, முனைகளை இழைத்து மழுக்கியது. ஒரு கோழிக்கு 10 அங்குலம், ஆறு கோழிக்கு 5 அடி. சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள்.

முட்டையிடும் பெட்டி ஓர் அடிக்கு ஓர் அடி, ஆறு கோழிக்கு இரண்டு போதும். ஓரளவு இருட்டான மூலையில், உட்காரும் கட்டையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் கோழி பெட்டியிலேயே தூங்கும், முட்டையெல்லாம் எச்சமாகிவிடும். உள்ளே உமி போடுங்கள். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் நெல் ஆலைகள் இருக்க, நமக்கு உமிக்கு என்ன பஞ்சம்?

கதவுக்குக் கொக்கி போதாது. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், அவற்றில் ஒன்றிலாவது பூட்டோ வளையமோ மாட்டும்படி இருக்க வேண்டும். குரங்கின் கை நம் கையைவிடப் பொறுமையானது.

பகல் அடைப்பு

உலாவும் அடைப்பு ஒரு கோழிக்கு 10 சதுர அடி. ஆறு கோழிக்கு 6 அடிக்கு 10 அடி. உயரம் 6 அடி இருந்தால் நாமும் நிமிர்ந்து நின்று கூட்டலாம். குனிந்து நுழைய வேண்டிய கூட்டை யாரும் ஒழுங்காகக் கூட்டுவதில்லை.

தோண்டி வருவதைத் தடுக்க ஒரு வழி. வலையைத் தரையோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்துப் படுக்கவைத்து, மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். நாய் வலையின் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும். தோண்டிய இடத்தில் கம்பி தட்டும். பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. நீர்மட்டம் உயர்ந்த நம் மண்ணில் ஆழக் குழி வெட்டி வலையைப் புதைப்பதைவிட இது சுலபம், துருவும் குறைவு.

அடைப்புக்கும் கூரை வேண்டும். பருந்துக்காக மட்டும் சொல்லவில்லை. கோல சிலாங்கூர் கடலோரச் சதுப்பு, வடக்கே இருந்து வலசை வரும் பறவைகள் இறங்கும் இடம். 1987 முதல் அங்கே இயற்கைப் பூங்கா இருப்பதும் அதனால்தான். காட்டுப் பறவையின் எச்சம் தீனியிலும் தண்ணீரிலும் விழக்கூடாது. பறவைக் காய்ச்சல் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று. எச்5என்1 கிருமி 2004-இல் கிளந்தானில் பாசிர் பெக்கானில் தலைகாட்டியது. 2007-இல் நம் சிலாங்கூரிலேயே, சுங்கை பூலோ பாயா ஜாராஸில் வந்தது. வந்த இடத்தில், நோய் வந்த கோழியோடு அக்கம்பக்கத்துக் கோழிகளையும் சேர்த்துத்தான் அழிக்க நேரிட்டது. நம் அலட்சியம் பக்கத்து வீட்டுக்காரரின் கோழியையும் கொண்டுபோகும்.

தரையில் அரை அடி உயரத்துக்கு மணல் கொட்டி, ஒரு பக்கமாகச் சாய்வு கொடுங்கள். சேற்றில் நிற்கும் கோழிக்குக் காலும் கெடும், வயிறும் கெடும்.

வெயில்

பாம்பைவிட அமைதியாகக் கொல்வது வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, வாய் பிளந்து நிற்கிறதா? தவிக்கிறது என்று பொருள். முட்டை குறையும், ஓடு மெலியும்.

தகரக் கூரை மதியத்தில் அடுப்பாகிவிடும். மேலே அத்தாப்பு பரப்புங்கள், அல்லது வெள்ளைச் சாயம் அடியுங்கள். கூரை இரண்டு அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெயிலும் அடிக்காது, சாரலும் உள்ளே வராது. தண்ணீர் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். வெயில் நாளில் ஒரு கோழி அரை லிட்டர்வரை குடிக்கும்.

தண்ணீரும் நோயும்

தண்ணீர் என்றதும் இன்னொன்று. டிங்கிக் காய்ச்சலில் சிலாங்கூரின் நிலை நமக்குத் தெரியும். மாற்றாத கோழித் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். எறும்புக்காகக் கூட்டுக் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கமும் வேண்டாம்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய் வந்தால் ஒரு வாரத்தில் கூடே காலியாகிவிடும். இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியும் இதில் உண்டு. 1980-களில், அன்று வேளாண்மைப் பல்கலைக்கழகமாக இருந்த செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்து ஒன்றைக் கிராமத்துக் கோழிகளுக்காகவே உருவாக்கினார்கள். ஐஸ் பெட்டி வசதியில்லாத கம்போங்குகளுக்கும் கொண்டுபோகலாம், தீனியில் கலந்தும் கொடுக்கலாம் என்பது அதன் நோக்கம். கால்நடைச் சேவை இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் அறுக்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். அதே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைத்துவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள். கூட்டுக்குள் போக ஒரு தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். முட்டை எடுத்த பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

தீனிக் கணக்கு எளிது. முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம். ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோ. மிச்சச் சோறும் காய்கறித் தோலும் கூடுதலுக்குத்தான். அவற்றை மட்டும் போட்டால் முட்டை வராது. ஓடு கெட்டியாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் கடலோரத்தில் கெராங் ஓடு கிடைக்கும். கழுவி, காயவைத்து, இடித்து ஒரு தட்டில் தனியாக வையுங்கள். வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

மாலை ஏழு மணி

எவ்வளவு நல்ல கூடு கட்டினாலும் ஒரு வேலையைக் கூடு செய்யாது. கதவை நாம்தான் அடைக்க வேண்டும். நம் பக்கம் ஏழு, ஏழே கால் மணிக்குச் சூரியன் மறையும். கோழிகள் தாமாகவே ஏறி அடையும். அந்த நேரத்தில் போய், தலைகளை எண்ணி, முட்டைகளை எடுத்து, தீனித் தட்டை அகற்றி, இரண்டு தாழ்ப்பாளையும் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. வெளியூர் போகிற நாளில் அதை யார் செய்வார் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

என் அம்மாவின் புதிய கூடு மேலே சொன்ன அளவில்தான் நிற்கிறது. இரண்டு வார இறுதிகளில் நானும் என் தம்பியும் கட்டினோம். அம்மா குச்சியோடு சுற்றிவந்து மூன்று ஓட்டைகளைக் காட்டினார். அவற்றையும் அடைத்தோம். அதன் பிறகு ஒரு முறை காலையில் கூரைமேல் மூசாங்கின் எச்சம் கிடந்தது. கீழே ஆறு கோழிகளும் சௌக்கியமாக இருந்தன.

பேரனின் அடுத்த பிறந்தநாளுக்கும் பாட்டிதான் சட்டை வாங்கினார்.

அரங்கில் எழுந்து கேட்ட அந்த அம்மாவுக்கும், வீட்டில் கோழி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று மாலை தாழ்ப்பாள் போடும்போது கூட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள். வெளியே நிற்கும் பாம்பின் கண்ணால் பாருங்கள். எங்கே நுழையலாம் என்று தெரிகிறதோ, அங்கே நாளைக் காலையே வலை அடியுங்கள்.